அகல லென்ஸில் விழுந்த நாற்றங்கால்

"பதினாலு எம்.எம். வாங்கட்டுமா, பதினாறு வாங்கட்டுமா?" என்று கேட்டார் சிஷ்யர்.

"எதுக்கு?" என்றாள் குரு.

"என்கிட்ட இருக்கிற லென்ஸுல மலை முழுசா அடங்க மாட்டேங்குதும்மா."

சிஷ்யருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. பெயர் அருணகிரி. கம்பத்துக்குப் பக்கத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு தமயந்திக்கு அவர் மகள் வயதுதான். ஆனால் மலையும் வயலுமாகப் படம் எடுப்பதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ள வந்தவர் சிஷ்யர், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை தேனியில் அவளுடைய மாணவர்களின் கண்காட்சி. ஆளுக்கு ஒரு படம். அருணகிரி ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். சம்பந்தி வீட்டுக்காரர்கள்கூட வருகிறார்களாம். சுவரில் மாட்டத்தான் படம் இல்லை.

தமயந்தி தன் பையிலிருந்து பதினாலு எம்.எம். அகல லென்ஸை எடுத்து நீட்டினாள்.

"வாங்குறதுக்கு முன்னாடி இதை மாட்டிப் பாருங்க சார்."

மறுநாள் வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"மலை முழுசா விழுந்துச்சும்மா. ஆனா இத்தனூண்டு! கரையான் புத்து மாதிரி இருக்கு."

"அந்த லென்ஸ் அப்படித்தான். தூரத்துல இருக்கிறதைச் சிறுசாக்கிரும்."

"அப்ப எதைத்தான் பெருசாக் காட்டும்?"

தமயந்தி அவர் காலைப் பார்த்தாள்.

அருணகிரிக்குப் புரிந்துவிட்டதாம்! கிட்டத்தில், கால் பக்கத்திலேயே அழகாக ஏதாவது வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். பாதி சரிதான்.

அடுத்த முறை மடிக்கணினியோடு வந்தார். சந்தோஷமாகத் திறந்து காட்டினார்.

கீழே இளம்பச்சை நாற்றங்கால். மேலே மலை. மலை முகட்டில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"அடேயப்பா!" என்றாள் தமயந்தி. மனதாரத்தான் சொன்னாள்.

அருணகிரி உச்சி குளிர்ந்து போனார்.

பிறகு அவள் படத்தின் அடியில் விரல் வைத்தாள்.

"இந்த நாத்தும் அந்த நாத்தும் இரட்டைப் பிள்ளைங்களா சார்? ஒரே சாய்வு, ஒரே மடிப்பு. பழுத்த நுனிகூட ஒண்ணா இருக்கு."

ஓரிடத்து நாற்றைக் கணினியிலேயே நகலெடுத்து இன்னோர் இடத்தில் ஒட்டியிருந்தார்.

"இங்க என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததையா மெனக்கெட்டு அழிச்சீங்க?"

வேறு வழியில்லாமல் சொன்னார். செருப்பை வரப்பில் கழற்றி வைத்துவிட்டு ஊர்க்காரி ஒச்சம்மாவின் நாற்றங்காலுக்குள் இறங்கியிருக்கிறார். உள்ளே போய்ப் பார்த்தால் சரிப்படவில்லை. பின்னால் நகர்ந்து, குத்தவைத்து எடுத்திருக்கிறார். மிதித்த இடமெல்லாம் படத்தில் மலையைவிடப் பெரிதாக விழுந்துவிட்டது.

"அதோட முடிஞ்சுச்சா?"

"முடியலைம்மா." குரல் இறங்கியது. "சாயங்காலம் அந்த வழியா வந்தேன். சேறு மூடி, மிதிச்ச இடமெல்லாம் வெறும் பள்ளமாக் கிடந்துச்சு. பக்கத்து வயல் மொக்கைச்சாமியோட கன்னுக்குட்டிதான் இறங்கிருச்சுன்னு ஒச்சம்மா கத்திக்கிட்டிருந்துச்சு. கன்னுக்குட்டிக்கு அடியும் விழுந்திருச்சு. மொக்கைச்சாமி சத்தியம் பண்றாரு, யாரும் நம்பலை."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஒச்சம்மா என்னையப் பார்த்து வணக்கம் சொல்லுச்சு. நானும் வணக்கம் சொல்லிட்டு வந்துட்டேன்."

காலமெல்லாம் வகுப்பில் "யாருடா செஞ்சது? எழுந்து நில்லு!" என்று அதட்டிய மனுஷர். இப்போது அவரால் தலையை நிமிர்த்த முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

தமயந்தி திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"அழிக்காத படம் இருக்கா?"

"இருக்கு."

அதை வாங்கிப் பெரிதாகப் பிரிண்ட் போட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் மாட்டப் போறேன்."

"ஐயோ, ஊரே பார்க்குமேம்மா!"

"முழுசா விழணும்னு கேட்டது நீங்கதானே சார்?"

அருணகிரி அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க சார்?"

"ஊருக்கு முன்னாடி பார்க்க வேண்டிய ஆள் ஒண்ணு இருக்கும்மா."

ஒச்சம்மா வரப்பில்தான் இருந்தாள். கன்றுக்குட்டி இன்னொரு தரம் இறங்கிவிடாமல் முள் வெட்டி அடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். இப்படி நிழல்ல உக்காருங்க."

"இல்லம்மா. நின்னுக்கிறேன்."

படத்தை விரித்துப் பிடித்தார். ஒச்சம்மா கண்ணை இடுக்கி மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம மலை! நம்ம நாத்து! எம்புட்டு அழகா எடுத்திருக்கீங்க! அந்தப் பாழாப்போன கன்னுக்குட்டி மிதிக்கிறதுக்கு முன்னாடி எடுத்ததா சார்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அருணகிரி படத்தின் அடியில் விரலை வைத்தார்.

ஒச்சம்மா குனிந்து பார்த்தாள்.

"இங்க மிதிச்சிருக்கே... ஏன் சார், கன்னுக்குட்டிக்கு ஏது அஞ்சு விரலு?"

"அது என் காலும்மா."