மலையேறாத தலைவர் கார்

பழைய காருக்குக் குறைந்த செலவில் குதிரைச்சக்தி கூட்ட முடியுமா, சொல்லுங்கள்? ஊராட்சித் தலைவர் மருதாசலம் முடியும் என்றார். "புது கார்புரேட்டரெல்லாம் கேட்காதே. இன்னைக்கே கார் மலையேறணும். இல்லேன்னா உன் பட்டறையைப் பூட்டிடுவேன்!"

மெக்கானிக் செங்கமலம் உடனே வேலையில் இறங்கினாள். ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் மாற்றினாள். தலைவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், பாதி ஏற்றத்திலேயே இன்ஜின் கொதித்து நின்றது. காரணம் அவளுக்குத் தெரியும். சொன்னால் பட்டறை போய்விடுமே!

கடைசியில் பணிவாகக் கேட்டாள். "ஐயா, துண்டால மூக்கைப் பொத்திக்கிட்டு இந்த மேட்டுல ஏறிக் காட்டுறீங்களா?"

பத்தடியில் தலைவருக்கு மூச்சு முட்டியது. "கொல்லப் பாக்குறியா?"

"காருக்கும் அதேதாங்க ஐயா. காத்து போற முன்பக்கம் முழுக்க உங்க பேர்ப்பலகை மறைக்குது."

காரைத் தள்ள வந்த ஊர்க்காரர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

"கழட்டிடு தாயி. ஆனா பின்னாடி மாட்டிவிடு. போனப்புறமாவது நான் யாருன்னு தெரியட்டும்."