அமலோற்பவத்தின் மூக்கு

புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் ஒயின் அலமாரிச் சாவி திவ்யநாதனிடம் இருந்தது. கிளாஸ் கழுவும் அமலோற்பவத்தைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். பின்னே? கழுவுவதற்கு முன் கிளாஸை மோந்து மோந்தே, எந்த வெள்ளை ஒயினின் திராட்சை வெயில் சீமையில் விளைந்தது, எது குளிர்ச் சீமையில் விளைந்தது என்று சொல்லிவிடுகிறாளே! முதலாளி வேறு அவளை மெச்சிவிட்டார்.

"விருந்தாளிங்க முன்னாடி சொல்லட்டும். தப்பாச் சொன்னா வேலையை விட்டுப் போகட்டும்," என்றார் திவ்யநாதன்.

முதல் கிளாஸ் வந்தது. அமலோற்பவம் மோந்தாள். "பழுத்த அன்னாசி வாசனை. வெயில் கொளுத்துற ஊருங்க."

லேபிளும் அதையே சொன்னது.

அடுத்து, முதலாளி தனக்கென்று திறந்து வைத்திருந்த விலை உயர்ந்த பாட்டிலிலிருந்து ஊற்றினார் திவ்யநாதன்.

"இதுவும் அதே வெயில் ஊருதாங்க."

திவ்யநாதன் துள்ளிக் குதித்தார். "பாத்தீங்களா முதலாளி! குளிர் மலைன்னு லேபிள்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கு!"

"லேபிள் சரிதாங்க ஐயா, உள்ள ஊத்தி வச்சிருக்கிறதுதான் வேற," என்றாள் அமலோற்பவம். "குளிர்ல விளைஞ்சதுல பச்சை மாங்கா வாசனை வரும். எனக்குத் தெரியாதா? நீங்க கழுவப் போடுற காபி டம்ளர்ல தினமும் அந்த வாசனைதானே வருது!"

முதலாளி திவ்யநாதனிடம் சாவிக்காகக் கையை நீட்டினார்.