தட்டில் பூத்த பூசணம்

தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம். அதை நிறுவிய மூத்த சாமி பேசியதையும் பாடியதையும் அந்தக் காலத்தில் அரக்கு இசைத்தட்டுகளில் பதிந்து வைத்திருந்தார்கள். மொத்தம் இருபத்திரண்டு தட்டுகள். சாமி மறைந்து முப்பது வருடம் ஆகிவிட்டது. அவர் குரல் என்று மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

தட்டுகளைப் பார்த்துக்கொண்டவர் சிதம்பரதாணு. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அறுபத்தாறு வயது. மடத்தின் தலைவி சங்கரவடிவு அம்மைக்கு நாற்பதுதான். அவரிடம்தான் தாணு தீட்சை வாங்கியிருந்தார்.

ஒவ்வொரு சாரல் மழைக்காலத்திலும் தட்டுகளில் பூசணம் பூத்தது. தாணு காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு, மெல்லிய பருத்தித் துணியால், கோடுகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைப்பார். நடுவில் ஒட்டிய லேபிளில் ஈரம் படவிடமாட்டார். நிழலில் நிறுத்தி உலர்த்தி அடுக்குவார். பத்தே நாளில் மறுபடி வெள்ளை படரும்.

முதலில் சமையலறை ஆவிதான் காரணம் என்றார். அடுப்பை இடம் மாற்றினார்கள். பிறகு யாரோ ஜன்னலைத் திறந்துவைக்கிறார்கள் என்றார். ஜன்னலுக்குப் பூட்டு வந்தது. பிறகு கூரை என்றார். ஓடு மாற்றினார்கள். யார் பேச்சையோ கேட்டு ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததில் மூன்றாம் தட்டின் அரக்கு கரைந்து துணியோடு வந்துவிட்டது. அன்று அவர் சாப்பிடவில்லை.

அந்த ஆடியில், ஏழாம் தட்டில் நான்காவது முறையாகப் பூசணத்தைக் கண்டதும், அதைத் தூக்கிக்கொண்டு நேரே அம்மையிடம் போனார்.

“என்னால முடியாதம்மா. வேற ஆள் பாருங்க.”

“ஏன்?”

“நான் துடைக்கிறேன், அது வருது. துடைக்கிறேன், வருது. சாமி இந்த ஈரத்துல கொண்டுவந்து மடத்தைக் கட்டியிருக்கவே கூடாது.”

அம்மை தனக்கும் துடைக்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். காலை முழுவதும் இருவரும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தாணு சொல்லச் சொல்ல அம்மை செய்தார். குறுக்கே துடைக்காதீர்கள் என்று தாணு இரண்டு தடவை எரிந்து விழுந்தார். அம்மை தலையாட்டித் திருத்திக்கொண்டார். மத்தியானத்துக்குள் தட்டு உலர்ந்து, முகம் தெரிகிற அளவுக்கு மின்னியது.

தாணு அதை எடுத்து அதன் காகித உறைக்குள் நுழைக்கப் போனார். அம்மை கைகாட்டி நிறுத்தினார்.

“உறையைத் துடைச்சாச்சா?”

“காகிதத்தை எப்படிம்மா துடைக்கிறது?”

அம்மை உறையை வாங்கி உள்ளே பார்த்தார். அங்கேயும் பூசணம் சாம்பல் நிறத்தில் புள்ளிபுள்ளியாகப் படிந்திருந்தது. முகர்ந்தார். அடுத்தடுத்து நான்கு தும்மல் வந்தது.

“புது உறை போடலாமே.”

“மாட்டேன்.”

தாணு உறையின் மேலிருந்த எழுத்தைக் காட்டினார்.

“இருபத்திரண்டு உறையிலயும் சாமி தன் கையால எழுதியிருக்கார். நீங்க அவரைப் பார்த்ததில்ல. நான் பார்த்தவன்.”

சொன்ன பிறகு தாணுவுக்கு இப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்று பட்டது. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. குருவின் கையெழுத்தைக் குப்பையில் போடச் சொல்கிற மடம் வேறெங்காவது உண்டா என்றும் கேட்டுவிட்டார்.

அம்மைக்கு முகம் மாறவில்லை. உறையை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

“எனக்கு அவர் எழுத்து பழக்கமில்ல. என்ன எழுதியிருக்கார், வாசிங்க.”

தாணு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் எழுத்துதான்.

“தட்டு ஏழு. தட்டைப் பத்திரமாக வைக்கவும்.”

“அடுத்ததுல?”

அலமாரியிலிருந்து எடுத்து வாசித்தார்.

“தட்டு எட்டு. தட்டைப் பத்திரமாக வைக்கவும்.” தாணு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எல்லாத்துலயும் இதேதாம்மா.”

“உறையை வைக்கச் சொல்லி எதுலயாவது எழுதியிருக்காரா? நல்லாப் பாருங்க.”