கப்பல் கடிகாரம் பார்த்துக் கட்டிய தாலி

தூத்துக்குடி மச்சாது சகோதரர்கள் மூன்று பேர். அவர்களில் யாருக்கு அறிவு குறைவு என்பதில் மட்டும் ஊருக்கு இன்னும் ஒருமித்த கருத்து கிடையாது.

அவர்களுடைய கொள்ளுத்தாத்தா கப்பல்களுக்குக் கடிகாரம் செய்தவர். எந்தக் கடலில் இருந்தாலும் லண்டன் நேரத்தையே காட்டினால்தான், கப்பல் எங்கே நிற்கிறதென்று மாலுமி கணக்குப் போட முடியும். அதனால் பெட்டி மூடியிலேயே பொறித்து வைத்தார்: "எந்தத் துறைமுகம் போனாலும் முள்ளைத் தொடாதே. கடிகாரத்தை அசைக்காதே."

மூடிக் கிடந்த அவருடைய கம்பெனியைக் கொள்ளுப்பேரன்மார் மூவரும் திறந்து, அதே சாயலில் தங்கக் கைக்கடிகாரம் செய்தார்கள். அதன் பெட்டியிலும் அதே வாசகம்; அதுவும் லண்டன் நேரமே காட்டியது. ஏன் என்று எவனும் கேட்கவில்லை.

முதல் கடிகாரத்தை வாங்கியவர் உப்பள முதலாளி ஆறுமுகநயினார். மாப்பிள்ளைக்குப் பரிசு. "இதுல மணி பார்த்துத்தான் தாலி. நல்லபடியா நடந்தா எம் கூட்டாளிக அத்தனை பேரு கையிலயும் உங்க கடிகாரம்தான்" என்று வாக்கும் கொடுத்தார்.

முகூர்த்தம் பத்தரையோடு முடிகிறது. மாப்பிள்ளை கதிரேசன் கப்பல் அதிகாரி. மறுநாள் கப்பல் ஏறினால் அடுத்த வருஷம்தான் திரும்புவான். மேடையில், கடிகாரம் கட்டிய அவனுடைய இடது கை மெத்தையில் கிடந்தது. கடிகாரம் அசையாமல் இருக்க, சகோதரர்களில் இளையவர்களான ரபேல் முழங்கையையும் நசரேன் மணிக்கட்டையும் பிடித்திருந்தார்கள்.

கெட்டிமேளம் தொடங்கப் போனது. மூத்தவன் தொபியாஸ் கையை உயர்த்தினான். "நிறுத்துங்க! மணி நாலரைதான் ஆகுது."

"சுவத்துக் கடிகாரம் பத்துன்னு காட்டுதே?" என்றார் ஆறுமுகநயினார்.

"சுவத்துல இருக்கிறது தங்கமா?" என்றான் ரபேல்.

"அண்ணாச்சி, இது லண்டன் நேரம்" என்றான் மாப்பிள்ளை.

"அப்பிடின்னா லண்டன்ல முகூர்த்தம் வரட்டும். என்ன அவசரம்?" என்றான் தொபியாஸ்.

நசரேன் எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்தினான். நாலரைக்கு இவ்வளவு வெயில் அடிப்பது முறையில்லையாம்.

மணப்பெண் செண்பகவடிவு சட்டக் கல்லூரி மாணவி. எவ்வளவு நேரம்தான் தலை குனிந்திருப்பாள்? "கழுத்து என்னுது. நேரம் சொல்றது மட்டும் இவங்களா? எனக்கு ஏன் ஒரு கடிகாரம் இல்ல?"

"சும்மா இரும்மா" என்றார் ஆறுமுகநயினார்.

"சும்மா இருந்தா இவரு கப்பல் ஏறிடுவாருப்பா! ஏங்க, முள்ளைத் தொடக் கூடாது, அசைக்கக் கூடாது, அவ்வளவுதானே? தலைகீழாப் பாருங்க. நம்ம ஊரு நேரம் தெரியும்."

நசரேன் திரும்பி நின்று குனிந்து, தன் கால்களுக்கு இடையே பார்த்தான். "அண்ணே! பத்து!"

சகோதரர்கள் கூடி யோசித்தார்கள்.

"நீ பார்த்தா ஆச்சா? தாலி கட்டுறவரு பார்க்க வேண்டாமா?"

"வாஸ்தவம். அவரு எப்படிப் பார்ப்பாரு?"

மூவரும் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"ஏல, முதல்ல வேட்டியைப் பிடி!" என்றான் தொபியாஸ்.

கால்கள் பந்தலைப் பார்க்க, தலை மணையில் இருக்க, கடிகாரம் இம்மியும் அசையாமல் கதிரேசன் மணி பார்த்தான். கை நகரக் கூடாதென்பதால் வடிவுதான் தவழ்ந்து போய்க் கழுத்தைக் கொடுத்தாள். மூன்று முடிச்சும் முகூர்த்தத்துக்குள் விழுந்தன.

ஆறுமுகநயினார் வாக்கைக் காப்பாற்றினார். இப்போது எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லார் கையிலும் மச்சாது கடிகாரம்தான். மணி என்ன என்று கேட்டால், முதலில் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.