சோற்றுக் கையோடு

தீபாவளி முன்பதிவு திறக்க இரண்டே நாள். மதுரையில் பஸ் டிக்கெட் விற்கும் ஒரு நிறுவனம். அதன் செயலி எங்கோ வாடகைக்கு எடுத்த கிளவுடில் ஓடுகிறது. போன பொங்கலுக்கு ஒரு காலை முழுக்க அது பணத்தை வாங்கிக்கொண்டு டிக்கெட் அனுப்பாமல் விட்டுவிட்டது. பயணிகள் போன் போட்டுத் திட்டிய பிறகுதான் அலுவலகத்துக்கே விஷயம் தெரிந்தது.

திட்டு முழுவதையும் வாங்கியவர் அங்கே வேலை பார்க்கும் குணாளன். இந்த முறை, செயலி படுத்தால் உடனே சொல்லும் கண்காணிப்புக் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான். இன்னொரு பொங்கலைத் தாங்க அவருக்குத் தெம்பு இல்லை.

அவருக்கு வேலை கற்றுத்தரும் குரு தில்ஷாத். குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூடுதல். குணாளன் வங்கி வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். ஆனாலும் சின்னப் பிள்ளை மாதிரி துள்ளுவார்.

"மேடம், மூணு கருவி வந்து நிக்குது! மூணையும் நம்ம செயலியோட சோதனை நகல்ல மாட்டிட்டேன். எதை வாங்க?"

"எதுக்கெல்லாம் எச்சரிக்கை வச்சிருக்கீங்கண்ணே?"

"இருந்த எல்லாத்துக்கும் டிக் போட்டாச்சு! ஒரு ஈ நுழைஞ்சாலும் போன் அடிக்கும்!"

"நல்லது. இன்னைக்கு நான் அந்த நகல்ல எதையாவது நிறுத்துவேன். எந்தக் கருவி உங்களுக்குச் சொல்லுதுன்னு பாருங்க."

குணாளனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போன் அலறியது. ஓடினார். நினைவகம் கொஞ்சம் நிரம்பியிருந்ததாம். மறுபடி அலறியது. எங்கோ ஒரு நொடி தாமதமாம். அடுத்தது, பழைய கோப்பு ஒன்று பெருத்துவிட்டதாம். ஓடி ஓடி, மதியத்துக்குள் அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

சாப்பாட்டு மேசையில் குருவுக்கு எதிரே உட்கார்ந்து, கத்தரிக்காய்க் குழம்பைப் பிசைந்தபடி மூன்று கருவிகளின் பெருமையையும் பேசித் தீர்த்தார். கை கழுவிவிட்டு வந்து கேட்டார்:

"எப்ப மேடம் நிறுத்தப் போறீங்க?"

"நீங்க முதல் வாய் வைக்கும்போதே டிக்கெட் அனுப்புறதை நிறுத்திட்டேனே."

பதறிப்போய்ப் போனை எடுத்தார். மூன்று கருவிகளும் சொல்லியிருந்தன. போன்தான் ஊமையாகக் கிடந்தது.

"தொல்லை தாங்கலைன்னு நான்தான் சத்தத்தை அணைச்சேன்."

"பொங்கலுக்கு என்ன சொல்லித் திட்டினாங்கண்ணே?"

"டிக்கெட் வரலைன்னு."

"நினைவகம் நிரம்பிடுச்சுன்னு யாராவது திட்டினாங்களா?"

குணாளன் போய் உட்கார்ந்து ஒவ்வொரு டிக்காக எடுத்தார். மூன்று கருவியிலும் ஒரு டிக்கை மட்டும் விட்டுவைத்தார்: டிக்கெட் போகாவிட்டால் அடிப்பது. போனின் சத்தத்தையும் திரும்ப வைத்தார்.

மறுநாளும் எதையாவது நிறுத்துவதாக தில்ஷாத் சொல்லியிருந்தார். காலை முழுக்கப் போன் மூச்சு விடவில்லை. அந்த அமைதியே அவருக்குக் கிலியாக இருந்தது.

மதியம், இரண்டாவது வாய்ச் சோற்றை எடுக்கும்போது அலறியது. சோற்றுக் கையோடு எழுந்து ஓடினார். இடது கையாலேயே தட்டித் தட்டிச் சரிசெய்தார். டிக்கெட் போக ஆரம்பித்தது.

"பிடிச்சுட்டேன் மேடம்! நிஜமா நடந்திருந்தாலும், பயணி ஒருத்தர்கூடத் திட்டுறதுக்கு முன்னாடி பிடிச்சிருப்பேன்!"

அலுவலகமே எட்டிப் பார்த்தது. அவர் கையை உயர்த்திக்கொண்டு நின்றார், விரலெல்லாம் பருக்கை.

"எந்தக் கருவிண்ணே கூப்பிட்டுச்சு?"

குணாளன் யோசித்தார். விரலில் காய்ந்த பருக்கையைப் பார்த்தார்.

"அதைப் பார்க்கவே இல்லையே மேடம்!"

"அப்ப விலை கம்மியானதை எடுத்துடலாம்" என்றார் தில்ஷாத். "உட்காருங்க, சோறு ஆறிப்போச்சு."