கால் மைல் சூரன்

கோயமுத்தூரில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வெள்ளைக் கார் இருந்தது. அந்தக் காருக்கும் ஒரு குடும்பம் இருந்தது. இந்த இரண்டாவது விஷயத்தைக் கார் ஒரு கட்டத்தில் மறந்துபோனதால்தான் இந்தக் கதை.

கல்யாணம், காதுகுத்து, பழனி, ஊட்டி, ஆஸ்பத்திரி என்று அது போகாத இடமில்லை. வாங்கியபோது இருந்த வெள்ளை இப்போது மோர் நிறத்துக்கு வந்திருந்தது. ஆனாலும் சாவியைத் திருப்பினால் ஒரு தடவை இருமிவிட்டுக் கிளம்பிவிடும்.

அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் காரின் பின் சீட்டைத்தான் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் சென்னியப்பன் முன்னால் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பார். அவர் மனைவி பூங்கொடியும் மகள் யாழினியும் எப்போதும் பின்னால்தான். தூங்கியது, சண்டை போட்டது, முறுக்கு தின்றது எல்லாம் பின் சீட்டின் மேல்தான். குன்னூர் மலைப்பாதையில் யாழினி வாந்தி எடுத்ததைக்கூட அது பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்.

"என் மேலதான் எடுத்தா. முன் சீட்டு மேல எடுத்தாளா?"

முன் சீட்டும் விடாமல் மல்லுக்கு நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பன் ஊருக்கு வெளியே இருந்த பழைய விமான ஓடுதளத்துக்கு டிராக் ரேஸ் பார்க்கப் போனார். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சையானதும் நேராகக் கால் மைல் ஓடும். அவ்வளவுதான் பந்தயம். வளைவு கிடையாது, வழி கேட்க வேண்டியதில்லை, முக்கியமாக, எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை. பம்புசெட் கடை வைத்துப் பத்து வருஷமாக நகராமல் உட்கார்ந்திருந்த மனிதருக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது. குடும்பக் கார்களுக்கென்று தனிப் பிரிவும் இருக்கிறது என்று கேள்விப்பட்டார். மறுநாளே காரை மெக்கானிக் பெர்னார்டின் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஜெயிக்கோணும் பெர்னார்டு."

"ஜெயிச்சரலாங்ணா. எடையக் குறைக்கோணும், அவ்வளவுதான்."

பெர்னார்டுக்குத் தெரிந்த ஒரே மந்திரம் அது. தன் இடுப்பைத் தவிர உலகத்தில் எல்லாவற்றுக்கும் அதை ஓதுவார்.

முதலில் வந்து சேர்ந்தது ஒரு புது சைலன்சர். அண்டா வாய்க்குக் குறையாத வாய் அதற்கு. பெயர்தான் சைலன்சர். மாட்டிய நிமிஷத்திலிருந்து வாய் ஓயவில்லை.

"தலைவரே!" என்று அது காரைக் கூப்பிட்டது.

காரை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. 'வண்டி' என்பார்கள், கோபம் வந்தால் 'டப்பா' என்பார்கள். கார் திரும்பிப் பார்த்தது.

"உங்ககிட்ட இருக்கிற வேகத்துக்கு நீங்க எங்கியோ இருக்க வேண்டியவரு, தலைவரே. கூட இருக்கிறவங்கதான் உங்களப் புடிச்சு இழுத்துட்டு இருக்காங்க. சும்மா உக்காந்து சவாரி பண்றவங்கள ஒவ்வொருத்தரா எறக்கி விடுங்க."

"யார் யார்?" என்று கேட்டது கார். அந்தக் கேள்வி வந்ததுமே பின் சீட்டு தன் போல்ட்டுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னியைத்தான் முதலில் இழுத்தார்கள்.

"நான் பாட்டுக்கு டிக்கிக்குள்ள படுத்துக் கிடக்கிறேன். யாருக்கு என்ன தொந்தரவு?" என்றது அது.

"படுத்துக் கிடக்கிறதுதான் தொந்தரவு. கால் மைல்ல எவனுக்குப் பஞ்சர் ஆகுது?" என்றது சைலன்சர்.

ஸ்டெப்னியோடு ஜாக்கியும் போனது. ஏசி போனது. கதவுக் கண்ணாடிகள் போயின. ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இருந்த முன் சீட்டும் போனது. பின் சீட்டோடு வாழ்நாள் முழுக்க ஏட்டிக்குப் போட்டி பேசியது அதுதான்.

கடைசியாகப் பெர்னார்டு ஸ்பேனரோடு பின் கதவைத் திறந்தார்.

"ஏப்பா, நீயே சொல்லு, நான் எடையா?" என்று பின் சீட்டு காரிடம் கேட்டது.

கார் நேராகப் பதில் சொல்லவில்லை. பதவி வரப்போகிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை. "உன் மேல எனக்கு மரியாதை உண்டு," என்றது.

மரியாதை என்ற சொல் வந்துவிட்டால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். பின் சீட்டைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினார்கள். அது இருந்த இடத்தில் நாலு வேர்க்கடலையும், யாழினியின் ஒரு ஹேர்பின்னும், எப்போதோ தொலைந்த பூங்கொடியின் தோட்டுத் திருகும் கிடந்தன. பெர்னார்டு கூட்டி அள்ளினார். அத்தனையும் சேர்ந்து எவ்வளவு எடை குறைந்ததோ தெரியாது.

குறைத்தாகிவிட்டது அல்லவா? இனி கூட்டினார்கள். டிக்கி மேல் பெரிய இறக்கை ஒன்றை முடுக்கினார்கள். நீலமாக எரிகிற விளக்குகள் வந்தன. கும்கும் என்று அதிரும் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, பின் சீட்டின் இடத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தது. பக்கவாட்டில் தீப்பிடித்த மாதிரி ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 'என்னால்தான் வேகமே' என்று நாலு பேரும் நாலு பக்கம் சொல்லிக்கொண்டார்கள். இன்ஜின் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதை யாரும் தொடவே இல்லை.

அன்று சாயங்காலம் பூங்கொடி பட்டறைக்கு வந்து காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நாங்க எங்க உக்கார்றதுங்க?"

"ஊட்ல உக்காருங்க," என்றார் சென்னியப்பன். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, "ஜெயிச்சா இது ரேஸ் வண்டி. அப்பறம் அந்தச் சீட்டே வேண்டாம், பழைய சாமான் கடைக்குப் போட்டரலாம். தோத்தா திருப்பி மாட்டிக்கலாம், போதுமா?" என்றார்.

சுவரோரம் நின்ற பின் சீட்டு இதைக் கேட்டது. கார் ஜெயித்தால் தான் காயலான் கடை. கார் தோற்றால் தனக்கு வீடு. தோற்கட்டும் என்று வேண்டிக்கொள்ள அதற்கு ஆசைதான். மனசு வரவில்லை. எத்தனை மழை, எத்தனை ஊர், ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஸ்பிரிங் ஒன்று மட்டும் 'ட்ரிங்' என்றது.

பந்தய நாள் வந்தது. காரில் சென்னியப்பனுக்கு மட்டும்தான் இடம். சாமான்களுக்காக, குட்டி யானை என்று ஊரே கூப்பிடுகிற சின்ன சரக்கு வண்டி ஒன்றைப் பேசியிருந்தார்.

"நாங்களும் வர்றோம். அந்தச் சீட்டத் தூக்கி இதுல போடுங்க," என்றாள் பூங்கொடி.

இப்படியாகப் பின் சீட்டு குட்டி யானையின் முதுகில் ஏறியது. அதன் மேல் பூங்கொடியும் யாழினியும் ஏறினார்கள். பழகிய கனம் மேலே இறங்கியதும் அதற்கு உயிர் வந்தது.

"கனமா இருக்குதாண்ணா?" என்று அது குட்டி யானையைக் கேட்டது.

"ஆளுங்க ஏறுனா கனமுங்களா? போங்க நீங்க," என்றது குட்டி யானை.

வழியில் சென்னியப்பன் காரை நிறுத்திப் பிரியாணி சாப்பிட்டார். தெம்பு வேண்டாமா? கழற்றிப் போட்ட கண்ணாடிகளின் எடையில் பாதியாவது அங்கேயே இலையிலிருந்து திரும்பி வந்துவிட்டது.

எதிராளி ஒரு நீலக் கார். அதே வயசு, அதே கம்பெனி. அதை ஓட்டி வந்தவர் ஒல்லியான ஒரு வாத்தியார். வண்டிக்குள் எல்லாம் இருந்தது இருந்தபடியே இருந்தது. பின் சீட்டில் குழந்தையின் குடைகூட ஒன்று கிடந்தது. எடுத்து வைக்க மறந்துவிட்டாராம்.

"குடையோட பந்தயத்துக்கு வந்திருக்கான், தலைவரே!" என்று சைலன்சர் சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்கைகள் பறந்தன.

எல்லாம் சரி, கண் திருஷ்டி இருக்கிறதே? புது வண்டியோ புதுப்பித்த வண்டியோ, சக்கரத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம் நசுக்காமல் நம் ஊரில் எதுவும் கிளம்பியதில்லை. கோயில் வாசலில் ஒன்று வைப்பது வழக்கம். இது பந்தயம் ஆயிற்றே! பந்தயத்தைக் கண்காணிக்கிற கொடிக்காரர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், வண்டியை இழுக்கிற இரண்டு முன் சக்கரத்துக்கும் சென்னியப்பன் கைநிறையப் பழம் வைத்தார்.

"ஏனுங்க, ஒருத்தன் போதுமே? எதுக்கு எங்க வம்சத்தையே கூட்டிட்டு வந்தாங்க?" என்றது எலுமிச்சம்பழம்.

"வேகம் ஜாஸ்தி பாரு, திருஷ்டியும் ஜாஸ்தி," என்றது டயர்.

விளக்கு பச்சையானது. சைலன்சர் வானம் கிழியக் கத்தியது. ஸ்பீக்கர் அதிர்ந்தது. ஸ்டிக்கர் எரிந்தது. முன் சக்கரங்கள் எலுமிச்சைச் சாற்றில் கரகரவென்று சுற்றின. கார் நின்ற இடத்திலேயே நின்றது. ரசம் வைக்கிற வாசனை மட்டும் ஓடுதளம் முழுக்கப் பரவியது.

வழுக்கல் தீர்ந்து அது நகர்ந்தபோது நீலக் கார் பாதி தூரம் போயிருந்தது. மீதிப் பாதியில் இறக்கை காற்றில் மாட்டிப் பின்னால் இழுத்தது. சென்னியப்பன் முடிவுக் கோட்டைத் தாண்டும்போது வாத்தியார் இறங்கி, குழந்தையின் குடையை எடுத்துப் பிரித்து வெயிலுக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சத்தத்துல நாமதான் முதல், தலைவரே," என்றது சைலன்சர்.

கார் அதை நம்பியது. தோற்றவர்களுக்கு அந்த அளவு ஆறுதல்கூட இல்லாவிட்டால் எப்படி?

பின் சீட்டுக்கு வீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் அது சந்தோஷப்படவில்லை. தலை குனிந்து திரும்பி வந்த காரைப் பார்த்ததும் அதற்குப் பாவமாகத்தான் இருந்தது. "பரவால்ல, வா, ஊட்டுக்குப் போலாம்," என்றது. கார் காதில் வாங்கவில்லை. சென்னியப்பன் ஏறி, புழுதி கிளப்பிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

கணக்குப் போட்டவர்கள் எல்லாரும் கால் மைலுக்குத்தான் போட்டிருந்தார்கள். வீடு திரும்பும் தூரம் யார் கணக்கிலும் வரவில்லை. பாதி வழியில், புளியமரங்கள் நிற்கிற ஓர் இடத்தில், துருப்பிடித்த ஆணி ஒன்று முன் சக்கரத்தோடு பேசியது. உஸ்ஸென்று காற்று இறங்கியது.

"ஸ்டெப்னி!" என்று கார் பழக்கதோஷத்தில் கூப்பிட்டது.

டிக்கி காலியாகக் கிடந்தது.

"யாராச்சும் ஏதாச்சும் பண்ணுங்களேன்!" என்றது கார்.

இறக்கை ஆகாயத்தைப் பார்த்தது. ஸ்டிக்கர் எரிந்துகொண்டே இருந்தது. இன்ஜின் நின்றுவிட்டதால் சைலன்சருக்குப் பேச ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் குட்டி யானை ஆடி அசைந்து வந்து நின்றது.

"என்னாச்சுங்க?" என்றாள் பூங்கொடி, மேலே உட்கார்ந்தபடியே.

"பஞ்சர்."

"ஸ்டெப்னி இருக்குமல்லங்க?"

சென்னியப்பன் புளியமரத்தில் எத்தனை காய் என்று எண்ண ஆரம்பித்தார். யாழினி நகர்ந்து நடுவில் இடம் விட்டாள்.

"அப்பா, இங்க வாங்க. இங்க நல்லா காத்து வருது."

அவர் ஏறினார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பின் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்பிரிங்குகள் நன்றாக அமுங்கின. பிரியாணியும் சேர்ந்து அல்லவா? பின் சீட்டு பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டது.

"என்னையும் இழுத்துட்டுப் போங்க!" என்றது கார்.

"நாளைக்கு ஸ்டெப்னியக் கூட்டிட்டு வர்றோம்," என்றது பின் சீட்டு.

"இன்னைக்கே கூட்டிட்டுப் போனா என்ன?"

"கூட்டிட்டுப் போலாமுங்க," என்றது குட்டி யானை. "ஆனா எடை கூடிப்போகுங்களே."

சொல்லிவிட்டுக் கிளம்பியது. சென்னியப்பன், பூங்கொடி, யாழினி மூன்று பேரையும் மடியில் வைத்துக்கொண்டு, பின் சீட்டு அந்தப் பந்தயக் காரை முந்திக்கொண்டு போனது.