பெரியவர் வர்றாரு

ஒரு மலை மேல ஒரு ஊரு. ஊருன்னா பெருசா நினைச்சுக்காத கண்ணு. பதினேழு வீடு, ஒரு டீக்கடை, ஒரு பள்ளிக்கூடம், அவ்வளவுதான். போன்ல சிக்னல் கூட கிடைக்காது. அந்த ஊர்ல மருதின்னு ஒருத்தி இருந்தா. எங்க, ம் சொல்லு.

"ம்."

மருதிக்கு என்ன வேலைன்னா, யானை வருதான்னு பாத்து ஊருக்குச் சொல்றது. காலைல கஞ்சியைக் குடிச்சுட்டுக் கிளம்புவா. ஓடையைத் தாண்டி மூங்கில் காட்டுக்குள்ள போவா. யானை போட்ட லத்தி கிடந்தா, கால் விரலால தொட்டுப் பாப்பா. சில்லுன்னு இருந்தா, நேத்தே போயிருச்சு. சூடா இருந்தா, பக்கத்துலதான் எங்கயோ நிக்குது. அப்போ விடுவிடுன்னு மொட்டப்பாறை மேல ஏறி, ரெண்டு கையையும் வாயில குவிச்சு ஒரு சத்தம் குடுப்பா.

"பெரியவர் வர்றாரூஊஊ!"

அந்த ஊர்ல யானையை யானைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பேரைச் சொன்னா, தன்னைத்தான் கூப்பிடுறாங்கன்னு நேரா வந்து நிக்குமாம். அதனால பெரியவர். ஒண்ணு வந்தாலும் பெரியவர்தான், பத்து வந்தாலும் பெரியவர்தான்.

"நீ சொல்லிட்டியே!"

நாம கீழ இருக்கோம்டா, அங்க கேக்காது. சரி, இனிமே நானும் பெரியவர்னே சொல்றேன்.

"ம்."

ஒரு தடவை ஆனி மாசம். பலாப்பழ வாசம் பிடிச்சுக்கிட்டு பெரியவர் வந்தாரு. மருதி சத்தம் குடுத்தா. எல்லாரும் படபடன்னு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அவரு வந்தாரு, மரத்தை மொடக் மொடக்னு ஒடிச்சாரு, தின்னாரு, போயிட்டாரு. இன்னொரு தடவை, பள்ளிக்கூடத்துல சத்துணவுக்கு வெச்சிருந்த அரிசியும் பருப்பும் அவருக்கு மணத்துருச்சு. அப்பவும் மருதி சத்தம் குடுத்தா. டீச்சரு பிள்ளைங்களைப் பின்பக்கமா கூட்டிட்டுப் போயிட்டாங்க. சுவரு மட்டும் தொம்முன்னு விழுந்துச்சு. மருதி பாக்க ஆரம்பிச்ச பன்னெண்டு வருசமா அந்த ஊர்ல ஒரு ஆளுக்கு ஒரு கீறல் இல்ல. பெரியவரு மேலயும் ஒருத்தன் கல்லு வீசல, வெடி போடல.

அப்புறம் ஒரு நாள் கீழேயிருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. ஊர் மூப்பர் சடையன் அதை டீக்கடை பொம்மிகிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னாரு. மலையையும் மலை மக்களையும் காப்பாத்துறவங்களுக்கு மரியாதை செய்யறாங்களாம். அதுல மருதி பேரு இருக்குதாம். காட்டிலாகாவோட பெரிய ஆபீசரே ஞாயித்துக்கிழமை நேர்ல வர்றாங்களாம்.

"அட, பெரியவர் வர்றாரா!"ன்னாரு மூப்பர்.

"எந்தப் பெரியவரு மூப்பரே? தும்பிக்கை வெச்சவரா, தொப்பி வெச்சவரா?"ன்னு பொம்மி கேட்டா. கடையே சிரிச்சுச்சு.

மருதி மட்டும் சிரிக்கல. நாலு பேரு முன்னால நிக்கணுமே, கையை எங்க வெச்சுக்கிறதுன்னு ராத்திரி எல்லாம் யோசிச்சா.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சுது. ஊர் முகப்புல, டீக்கடை வாசல்ல, தாரோட ரெண்டு வாழை மரம் கட்டினாங்க. செவ்வந்தி மாலை தொங்க விட்டாங்க. மருதி புதுச் சேலை கட்டிக்கிட்டு வந்து பாத்தா.

"மூப்பரே, தாரு எதுக்குங்க? பெரியவருக்கு ரொம்பப் பிடிச்சதாச்சே."

"பெரியவருக்காகத்தானே கட்டுறோம்!"ன்னு மூப்பர் பல்லைக் காட்டினாரு.

அவ சொன்னது ஒண்ணு, அவரு நினைச்சது ஒண்ணு. மருதிக்கும் அது புரிஞ்சுது. ஆனா தனக்காக நடக்குற விசேசத்துல தானே குத்தம் சொல்றதான்னு கூச்சப்பட்டு வாயை மூடிக்கிட்டா.

அப்புறம் அவளால சும்மா உக்கார முடியல. "ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்"னா.

"போறதே போற, பாறை மேல நின்னா ரோடு தெரியுமில்ல? ஜீப்பு வந்தா ஒரு சத்தம் குடு. மேளத்தை ஆரம்பிக்கணும்"னு மூப்பர் சொல்லி அனுப்பினாரு. தூங்கிட்டியா?

"ம்ஹூம். ஜீப்பு வந்துச்சா?"

இரு, சொல்றேன். மருதி பாறை மேல ஏறினா. ரோட்டைப் பாத்தா, ஜீப்பைக் காணோம். இந்தப் பக்கம் திரும்பினா, மூங்கில் சடசடன்னு ஆடுது. ஒரு தாய் பெரியவர். காலுக்கு நடுவுல இத்துனூண்டு குட்டி. பின்னால இன்னும் மூணு பேரு. மூக்கைத் தூக்கிக்கிட்டு வாழைத்தாரைப் பாத்துப் போறாங்க. அங்க வாசல்ல மொத்த ஊரும் நிக்குது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எல்லாம் முன்வரிசையில.

மருதி கையைக் குவிச்சா. "பெரியவர் வர்றாரூஊஊ!"

அவ்வளவுதான். டும் டும் டும்முன்னு மேளம் ஆரம்பிச்சுருச்சு.

ஜீப்புதான் வருதுன்னு நினைச்சுட்டாங்க. குட்டி வெச்சிருக்குற தாய் மேளச் சத்தத்துக்குப் பயந்து ஓடாது. சத்தத்து மேலயேதான் பாய்ஞ்சு வரும். ஓடிப் போய்ச் சொல்லலாம்னா, வழியில பெரியவங்கதான் நிக்கிறாங்க. இன்னும் பலமாக் கத்தினா. "பெரியவர் வர்றாரூஊஊ!"

இப்போ மேளம் இன்னும் பலமாச்சு. டும் டுமுக்கு டும் டும்! பிள்ளைங்க வேற ரோட்டுக்கு ஓடி வந்து கையை ஆட்டுதுங்க.

இன்னும் ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கு. அந்த வார்த்தை பிறந்ததுலேயிருந்து அவ நாக்குல வந்ததே இல்ல. சொன்னா பெரியவர் தன்னைத் தேடி வருவாரோன்னு பயம். பிள்ளைங்களைப் பாத்தா. கண்ணை மூடிக்கிட்டா.

"யானை! யானை! யானைஐஐ!"

மேளம் டப்புன்னு நின்னுச்சு. மூப்பர் காதுல விழுந்தும் நம்ப முடியாம வாயைப் பொளந்து நின்னாரு. பொம்மிதான் முதல்ல முழிச்சுக்கிட்டா. "என்ன பாத்துட்டு நிக்கிறீங்க, பிள்ளைங்களைப் பிடிங்க!"ன்னு கத்தினா. ஆளுக்கு ஒண்ணா அள்ளிக்கிட்டு, கிடைச்ச வீட்டுக்குள்ள புகுந்து கதவைச் சாத்திக்கிட்டாங்க. தப், தப், தப்!

அப்பப் பாத்து ரோட்டுல ஜீப்பு வருது, புர்ர்ருன்னு. மருதி பாறைக்குப் பின்பக்கமா சறுக்கி இறங்கி, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நடுரோட்டுல போய் நின்னா. புதுச் சேலை முழங்கால் வரைக்கும் கிழிஞ்சுருச்சு.

ஜீப்புலேயிருந்து ஒரு சின்னப் பொண்ணு இறங்கினாங்க. அவங்கதான் ஆபீசரு.

"நான் மருதிங்கறவங்களைப் பாக்கணும்மா."

"அவ வேலையா இருக்காளுங்க. நீங்க மொதல்ல வாங்க"ன்னு கையைப் பிடிச்சு, டிரைவரையும் சேத்து, டீக்கடைப் பின்கதவு வழியா உள்ள இழுத்துக்கிட்டுப் போனா.

கடைக்குள்ள மூப்பரு, பொம்மி, மேளக்காரங்க, ஏழெட்டு பிள்ளைங்க. மூச்சு விடுற சத்தம் மட்டும்தான். முன்கதவுச் சந்து வழியா பாத்தா, பெரியவங்க வந்து நிக்கிறாங்க. மளுக்குன்னு ஒரு வாழை மரம் போச்சு. மளுக், இன்னொண்ணு. குட்டி செவ்வந்தி மாலையைப் பிடிச்சு இழுத்து, மென்னு பாத்துத் துப்புச்சு.

"இவங்களா பெரியவர்? என் கடைசிப் பொண்ணு வயசுதான் இருக்கும்"னு பொம்மி கிசுகிசுத்தா.

ஆபீசரம்மா சிரிக்காம கேட்டாங்க, "இதுல மருதி யாருங்க?"

"உங்களை இழுத்துக்கிட்டு வந்தாளே, அவதானுங்க"ன்னாரு மூப்பரு.

அந்தம்மா திரும்பிப் பாத்தாங்க. கிழிஞ்ச சேலை, முழங்கால்ல ரத்தம். பையிலேயிருந்து பச்சைச் சால்வையை எடுத்தாங்க. அதோட காகித உறை சரசரன்னுச்சு. எல்லாரும் உஷ்ஷுன்னாங்க. மெதுவா, மெதுவா பிரிச்சு மருதி தோள்ல போத்தினாங்க. பேசறதுக்குன்னு எழுதிட்டு வந்த தாளை அப்படியே மடிச்சு வெச்சுக்கிட்டாங்க.

யாரும் கை தட்டல. தட்டினா வெளியில கேட்டுரும். மூப்பரு மட்டும் தலையில கட்டியிருந்த துண்டை அவுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டாரு. அதைப் பாத்து மேளக்காரங்களும் அவுத்தாங்க. மருதி ஒரு கையால சால்வையைப் பிடிச்சுக்கிட்டா. இன்னொரு கையை, அழப் பாத்த ஒரு பிள்ளை வாயில மெல்ல வெச்சுக்கிட்டா.

பெரியவங்க தின்னு முடிச்சு, குட்டியைக் கூட்டிக்கிட்டு, தொம் தொம்முன்னு காட்டுக்குள்ள போற வரைக்கும் அப்படியேதான் நின்னாங்க.

ம் சொல்லு. என்ன, ம் வரல?

சரி. கதைக்கும் கதவு சாத்தியாச்சு. கண்ணையும் சாத்திக்கோ சாமி.